ஒரு கையால் 5 டன் விசை: பட்டறை பிரஸ்ஸைத் தந்த ஜோசப் பிராமா யார்? அதைத் தாங்கிப் பிடித்தது யார்?

உங்க ஊரில் லாரி, டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதன் மூலையில், கிரீஸ் அப்பிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீங்க. இரண்டு பக்கமும் சேனல், மேலே ஒரு குறுக்குச் சட்டம், கீழே ஏற்றி இறக்கும் ஒரு படுக்கை, நடுவில் ஒரு பாட்டில் ஜாக். பல இடங்களில் அது கடையில் வாங்கியதாக இருக்காது. பட்டறைக்காரரே சேனலை வெட்டி, துளை போட்டு, வெல்டிங் வைத்துச் செய்ததாக இருக்கும்.

ஷாஃப்டில் இறுகிப்போன பேரிங்கைக் கழற்ற வேண்டுமா, புது புஷ்ஷை உள்ளே ஏற்ற வேண்டுமா, வளைந்த கம்பியை நிமிர்த்த வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அதுதான். சுத்தியலால் அடித்தால் உடைந்துபோகும் பொருள், அங்கே சத்தமில்லாமல் நகர்ந்து கொடுக்கும். ஜாக்கின் கைப்பிடியை அசைப்பவர் பயில்வானாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த வித்தைக்கு 1795-ல் காப்புரிமை வாங்கியவர் ஜோசப் பிராமா. பிரம்மா இல்லை, பிராமா. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த விவசாயி மகன். ஆனால் அவர் கதையில் இன்னொருவரும் இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் பிராமாவின் பிரஸ் ஒழுகிக்கொண்டே நின்றிருக்கும். இரண்டு பேரையும் பார்ப்போம். வீட்டிலோ பட்டறையிலோ சொந்தமாகப் பிரஸ் செய்ய நினைக்கிற உங்களுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

யார் இந்த பிராமா?

1748-ம் ஆண்டு, பார்ன்ஸ்லி நகருக்குப் பக்கத்தில் ஸ்டெயின்பரோ என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பாவோடு வயலில் இறங்கி வேலை செய்திருக்க வேண்டியவர். 16 வயதில் கணுக்காலில் பட்ட அடி, அவரை நிரந்தரமாக நொண்டியாக்கியது. ஏர் பிடிக்க முடியாத பையனை என்ன செய்வது? தச்சுத் தொழிலுக்கு அனுப்பினார்கள்.

ஒரு கால் போனதால் உலகத்துக்கு ஒரு பொறியாளர் கிடைத்தார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காலத்தில் உடல் ஊனமான ஒரு கிராமத்துப் பையனுக்கு லண்டன் என்பது எவ்வளவு தூரம் என்று யோசிச்சுப் பாருங்க. தொழில் கற்று முடித்ததும் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். மரச்சாமான் செய்யும் வேலை கிடைத்தது.

கழிவறையில் தொடங்கிய தொழில்

அப்போது லண்டனில் பணக்கார வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிவறைகள் வரத் தொடங்கியிருந்தன. அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. அதைப் பொருத்தும் வேலைக்குப் போன பிராமா ஒரு குறையைக் கவனித்தார். குளிர்காலத்தில் அதன் வால்வுக்கு மேல் நிற்கும் தண்ணீர் உறைந்து, மொத்தமும் சிக்கிக்கொண்டது. நழுவும் வால்வுக்குப் பதிலாகக் கீல் வைத்த மூடியைப் பொருத்தினார். 1778-ல் அவருக்கு முதல் காப்புரிமை கிடைத்தது.

அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதைத்தான். ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை எடுப்பார். எங்கே ஒழுகுகிறது, எங்கே சிக்குகிறது, எங்கே திருடன் கை வைப்பான் என்று பார்ப்பார். அந்த இடத்தை மாற்றுவார். இப்படி மொத்தம் 18 காப்புரிமைகள். பாதாளத்தில் இருக்கும் பீப்பாயிலிருந்து மேலே கடைக்கு பீர் ஏற்றும் பம்ப், மரம் இழைக்கும் எந்திரம், ரூபாய் நோட்டில் வரிசை எண் அச்சிடுவது போல பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்காக எண் அச்சிடும் எந்திரம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

ஜன்னலில் வைத்த சவால்

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1784-ல் செய்த பூட்டு. உருளை வடிவச் சாவி, அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள். எல்லா வெட்டும் சரியாக அமர்ந்தால்தான் பூட்டு திரும்பும். 1790-லிருந்து அந்தப் பூட்டு ஒன்றை லண்டன் பிக்காடிலி தெருவில் தன் கடை ஜன்னலில் வைத்து, சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார்.

யாராலும் முடியவில்லை. 1851-ல் லண்டன் மகா கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ்தான் கடைசியில் திறந்தார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் பரவி 51 மணி நேரம் ஆனது. அப்போது பிராமா இறந்து 37 வருடம் ஆகியிருந்தது.

ஆனால் பூட்டில் ஒரு சிக்கல். கையால் அரம் போட்டு அவ்வளவு துல்லியமான பாகங்களை நூற்றுக்கணக்கில் செய்ய முடியாது. ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்கில் ஆகும், விலையும் எகிறும். நல்ல கைகாரன் ஒருவன் வேண்டும் என்று பிராமா தேடினார். வூல்விச் ராணுவ ஆயுதசாலையில் 12 வயதிலிருந்து வேலை பார்த்த ஒரு பையனின் பெயரைச் சொன்னார்கள். ஹென்றி மாட்ஸ்லே. 1789-ல் வேலைக்குச் சேரும்போது அவருக்கு வயது 18. ஜன்னலில் வைத்த அந்தச் சவால் பூட்டைச் செய்தவரே மாட்ஸ்லேதான். கொஞ்ச காலத்தில் அவரே பட்டறையின் ஃபோர்மேன்.

தண்ணீரை வேலை வாங்கியது எப்படி?

இப்போது பிரஸ்ஸுக்கு வருவோம். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். இதைச் சொன்னவர் பிரான்ஸின் பிளேஸ் பாஸ்கல். அவர் எழுதியது அவர் இறந்த மறு வருடம், 1663-ல் அச்சில் வந்தது. சின்னத் துளையில் ஒருவர் அழுத்தினால் பெரிய துளையில் பல பேரின் பலத்தைத் தாங்கலாம் என்று அதிலேயே விளக்கம் இருந்தது. படித்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 130 வருடத்துக்கு அது பட்டறைக்கு வரவில்லை.

கணக்கு இவ்வளவுதான். ஒரு ஜாக்கில் சின்ன பம்ப் பிஸ்டனின் விட்டம் 10 மி.மீ., பெரிய ராமின் விட்டம் 50 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 5 மடங்கு என்றால் பரப்பளவு 25 மடங்கு. ஆகவே விசையும் 25 மடங்கு. கைப்பிடியின் நீளம் நெம்புகோல் மாதிரி இன்னொரு 10 மடங்கைத் தருகிறது. மொத்தம் 250 மடங்கு. நீங்கள் கையால் 20 கிலோ அழுத்தினால், அந்தப் பக்கம் 5,000 கிலோ. அதாவது 5 டன். உராய்வில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

சும்மா கிடைக்குமா இது? கிடைக்காது. விசையில் வாங்கியதைத் தூரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் கை 250 மி.மீ. இறங்கினால் ராம் 1 மி.மீ.தான் நகரும். பட்டறையில் ஜாக்கை இத்தனை தடவை அடிக்கிறார்களே, காரணம் இதுதான்.

பிராமா எண்ணெய் பயன்படுத்தவில்லை, தண்ணீர்தான். மற்றபடி இன்று உங்கள் கார் டிக்கியில் கிடக்கும் பாட்டில் ஜாக்குக்கும் அவருடைய 1795 பிரஸ்ஸுக்கும் உள்ளே இருக்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை.

எல்லாம் சரி, ஒழுகுதே?

காகிதத்தில் சரியாக வந்த கணக்கு, பட்டறையில் ஒழுகியது. ராம் மேலும் கீழும் போக வேண்டுமென்றால் அதைச் சுற்றி ஓர் இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் அழுத்தம் ஏறியதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் வராத அளவுக்குச் சணலைத் திணித்து இறுக்கினால் ராம் சிக்கிக்கொள்ளும். கீழே அழுத்தும், மறுபடி மேலே வராது. ஒழுகினால் பலம் இல்லை, இறுகினால் அசைவு இல்லை. பாஸ்கலின் கணக்கு புத்தகத்தைத் தாண்டாமல் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைத் தீர்த்தவர் மாட்ஸ்லே என்றே பின்னாளில் அவருடைய உதவியாளராக இருந்த ஜேம்ஸ் நாஸ்மித் பதிவு செய்திருக்கிறார். தீர்வு என்ன தெரியுமா? ஒரு தோல் வளையம். அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில யு எழுத்து மாதிரி இருக்கும். யுவின் திறந்த பக்கம் தண்ணீரைப் பார்த்திருக்கும். அழுத்தம் ஏறும்போது தண்ணீர் அந்த யுவுக்குள் புகுந்து, அதன் இரண்டு உதடுகளையும் விரிக்கும். ஓர் உதடு ராமைக் கவ்வும், இன்னொன்று சிலிண்டர் சுவரைக் கவ்வும். அழுத்தம் கூடக் கூடப் பிடி இறுகும். அழுத்தத்தை விட்டதும் பிடி தானாகத் தளரும், ராம் திரும்பி வரும்.

எந்தத் தண்ணீர் வெளியே ஓடப் பார்த்ததோ, அதையே காவலுக்கு நிறுத்தியாயிற்று.

பழைய சைக்கிள் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. பம்ப் காற்று பிடிக்கவில்லை என்றால், உள்ளே இருக்கும் தோல் வாஷரை விரலால் விரித்துவிட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவார்கள். கிண்ணம் மாதிரி இருக்கும் அந்த வாஷரும் இதே குடும்பம்தான். ஜாக்கில் இன்று தோலுக்குப் பதில் ரப்பர் சீல் இருக்கிறது.

30 ஷில்லிங் சம்பளம்

இத்தனையும் செய்த ஃபோர்மேனுக்கு பிராமா என்ன கொடுத்தார்? வாரம் 30 ஷில்லிங். மாட்ஸ்லேவுக்குக் கல்யாணமாகி குடும்பம் பெருத்திருந்தது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார். பிராமா முடியாது என்றார். 1797-ல் மாட்ஸ்லே வேலையை விட்டு, லண்டனிலேயே சின்னதாகச் சொந்தப் பட்டறை வைத்தார்.

அதன் பிறகு நடந்ததை எந்திர வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். திருகு வெட்டும் துல்லியமான லேத் அவர் கையில் முழு வடிவம் பெற்றது. போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்துக்குக் கப்பிகள் செய்யும் எந்திர வரிசையை அவர் கட்டினார். திருகு மரையின் அளவைத் தரப்படுத்திய ஜோசப் விட்வொர்த், நீராவிச் சுத்தியல் செய்த நாஸ்மித் ஆகியோர் அவர் பட்டறையில் வேலை பழகியவர்கள்.

பிரஸ்ஸின் பெயர் மட்டும் பிராமா பிரஸ் என்றே நின்றுவிட்டது. காப்புரிமையில் இருந்த பெயர் அது. தோல் வளையத்துக்கு யார் பெயரும் ஒட்டவில்லை. இதில் பிராமாவைத் திருடன் என்று சொல்வதற்கில்லை. யோசனை அவருடையது, முதலும் அவருடையது. ஆனால் தன் கண்டுபிடிப்பைத் தாங்கிப் பிடித்த பாகத்துக்கும், அதைச் செய்த ஆளுக்கும் என்ன விலை என்பதை அவர் சரியாக எடை போடவில்லை.

சொந்தமாகப் பிரஸ் செய்கிறீர்களா? இதைக் கவனிங்க

விசையை உண்டாக்குவது சுலபம், பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டம். பிராமாவின் பட்டறையில் ஒழுகிய தண்ணீர் சொன்னதும் இதுதான். இன்று 20 டன் ஜாக் கடையில் கிடைக்கிறது. சீல் பிரச்சினையை ஜாக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. ஆனால் அதைச் சுற்றி நீங்கள் கட்டும் சட்டம்? அது உங்கள் பொறுப்பு.

பலர் நினைப்பது போல ஜாக் தரும் விசை தரைக்குப் போகாது. தரை தாங்குவது பிரஸ்ஸின் எடையையும் மேலே வைத்த பொருளின் எடையையும் மட்டும்தான். ஜாக் கீழே எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அளவு மேல் குறுக்குச் சட்டத்தை மேலே தள்ளுகிறது. நீங்கள் 20 டன் கொடுத்தால் இரண்டு பக்கத் தூணும் ஆளுக்கு 10 டன்னை இழுவிசையாகத் தாங்குகின்றன. படுக்கையைத் தாங்கும் பின்களுக்கும் பக்கத்துக்கு 10 டன். மேல் சட்டமும் படுக்கையும் வில் மாதிரி வளையப் பார்க்கின்றன.

அதனால் தூணை விட முதலில் கவலைப்பட வேண்டியது குறுக்குச் சட்டத்தையும் பின்களையும் பற்றித்தான். இரண்டு தூணுக்கும் உள்ள இடைவெளியைத் தேவைக்கு மேல் கூட்டாதீர்கள். இடைவெளி இரண்டு மடங்கானால் குறுக்குச் சட்டத்தின் மேல் வளைவுச் சுமையும் இரண்டு மடங்கு. மொத்த பாரத்தையும் வெல்டிங் தையல் மட்டுமே தாங்கும்படியும் விடாதீர்கள். இரும்பின் மேல் இரும்பு உட்கார்ந்து, அல்லது தடித்த போல்ட் வழியாக, பாரம் இறங்கும்படி அமைத்தால் தையலில் ஒரு குறை இருந்தாலும் உயிருக்கு ஆபத்து குறையும். அளவு பற்றிச் சந்தேகம் இருந்தால் கணக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு வெட்டுங்கள்.

சாதாரண பாட்டில் ஜாக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் பெரும்பாலும் வேலை செய்யாது. பம்ப் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். அதனால்தான் கைவேலைப் பிரஸ்களில் ஜாக்கை நிமிர்த்தி, மேலும் கீழும் நகரும் ஒரு தட்டின் மேல் வைக்கிறார்கள். ராம் மேல் சட்டத்தை முட்ட, தட்டு கீழே இறங்கிப் பொருளை அழுத்தும். இரண்டு ஸ்பிரிங்குகள் தட்டைத் திரும்ப மேலே இழுக்கும்.

முன்னே போட்ட கணக்கில் 5 டன் அழுத்தும்போது, உள்ளே எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 250 கிலோவைத் தாண்டும். உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 2 கிலோ. எங்காவது மெல்லிசாகக் கசிந்தால் விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. அதே மாதிரி, பேரிங்கின் வளையம் கடினமாக்கிய எஃகு. அது வளையாது, வெடித்துச் சிதறும். முன்னால் ஒரு தடுப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் அழுத்தாதீர்கள்.

பாலத்தில் உடைந்த சிலிண்டர்

பிடித்து நிறுத்துவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேல்ஸில் ஒரு சம்பவம் நடந்தது. 1849-ல் மெனாய் நீரிணைக்கு மேல் பிரிட்டானியா ரயில் பாலத்தை ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிக்கொண்டிருந்தார். 1,500 டன்னுக்கும் மேல் எடையுள்ள இரும்புக் குழாயை, கடலிலிருந்து கோபுர உயரத்துக்குத் தூக்க வேண்டும். தூக்கியவை பிராமாவின் தத்துவத்தில் இயங்கிய பிரம்மாண்டமான பிரஸ்கள்.

ஸ்டீபன்சன் ஒரு கட்டளை போட்டிருந்தார். குழாய் ஒவ்வோர் அங்குலமாக ஏற ஏற, அதன் அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். வேலை மெதுவாகிறது என்று யாரும் அதை விடக் கூடாது. ஆகஸ்ட் மாதம் ஒரு பிரஸ்ஸின் சிலிண்டர் அடிப்பாகம் உடைந்து விழுந்தது. குழாயும் சரிந்தது. ஆனால் அடியில் முட்டு இருந்ததால் ஓர் அடிக்கும் குறைவாகவே இறங்கி நின்றது. அந்த முட்டு இல்லாவிட்டால் பாலமே கடலுக்குள் போயிருக்கும். அடுத்த வருடம் அதன் மேல் ரயில் ஓடியது.

ஜாக்கில் வண்டியைத் தூக்கிவிட்டு, அடியில் ஸ்டாண்டோ மரக்கட்டையோ கொடுக்காமல் உள்ளே படுக்காதே என்று மெக்கானிக்குகள் பையன்களைத் திட்டுவார்களே, அதுவும் ஸ்டீபன்சனின் கட்டளையும் ஒன்றுதான்.

கடைசி வேலை

பிராமா கடைசி வரை பட்டறையை விட்டு நகர்ந்தவர் இல்லை. 1814-ல், ஹாம்ப்‌ஷயர் பகுதியில் ஹோல்ட் காட்டில் மரங்களை வேரோடு பிடுங்கும் வேலை. கருவி வேறு எதுவும் இல்லை, அவருடைய பிரஸ்தான். 66 வயதில் அவரே நேரில் நின்று வேலையைப் பார்த்தார். குளிர் தாக்கியது, நிமோனியா ஆனது. டிசம்பர் 9-ம் தேதி இறந்தார்.

அவர் விட்டுப்போன பிரஸ், கப்பல் ஏறி நம் ஊருக்கும் வந்தது. பருத்தியைக் கப்பலில் ஏற்ற வேண்டுமென்றால் இடத்தை அடைக்காமல் இறுக்கிக் கட்ட வேண்டும். ஜின்னிங் அண்ட் பிரஸ்ஸிங் ஃபேக்டரி என்று குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் இன்றும் பலகை பார்க்கலாம். அந்தப் பெயரில் இருக்கும் பிரஸ்ஸிங், பஞ்சை அழுத்திப் பொதியாக்கும் வேலை. 1925-ல் இந்தத் தொழிலுக்கென்றே இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. இன்று இந்தியப் பஞ்சுப் பொதியின் கணக்கு 170 கிலோ. அதையும் ஹைட்ராலிக் பிரஸ்தான் இறுக்குகிறது.

அடுத்த முறை பட்டறைப் பக்கம் போனால் அந்த மூலையைப் பாருங்க. ஜாக்கில் எத்தனை டன் என்று பெரிசாக எழுதியிருக்கும். அதோடு நிற்காமல் மேல் சட்டம் வளைந்திருக்கிறதா, பின் தேய்ந்திருக்கிறதா, ராமைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்க. நாள் முழுக்க அதை அழுத்துகிற பையன் எதிரே நேராக நிற்கிறானா, பக்கவாட்டில் நிற்கிறானா என்பதையும் பார்த்துவிட்டு வாங்க.